ஷெட்டுக்கு ஆட்சேபணை

செக்கரம்மா என்னைப் போய்ச் சந்தேகப்பட்டாள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பாட்டுக்கு மாடியில் தையல் மிஷினோடு கிடக்கிறவள். சட்டைக்குக் காஜா எடுப்பேன், தலையணை உறை தைப்பேன், கிழிந்த பேண்டுக்கு ஒட்டுப் போடுவேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே அவர்கள் வீட்டுப் பின்பக்கம். அது என் குற்றமா? வீட்டைக் கட்டியவன் அங்கே ஜன்னல் வைத்தான். வெளிச்சம் அங்கேதான் வருகிறது. மிஷினை அங்கேதான் போட முடியும். மற்றபடி அடுத்த வீட்டுக் கதையை எட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. தானாகக் கண்ணில் விழுவதற்குக் கண்ணை மூடிக்கொண்டா தைக்க முடியும்?

செக்கரம்மா என்பது அவள் பேர் இல்லை, டிக்கெட் செக்கர் என்பதால் தெரு வைத்த பேர். டவுன் பஸ்ஸில் திடீரென்று ஏறி எல்லாரிடமும் டிக்கெட் கேட்பது அவள் உத்தியோகம். அந்த வேலை அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி. கடைக்காரன் தராசைப் பார்ப்பாள், பால்காரன் படியைப் பார்ப்பாள், நான் துணியை அளக்கும்போது என் டேப்பையே ஒரு தடவை வாங்கிப் பார்த்தாள். ஒருநாள் நான் போன பஸ்ஸில் அவள் ஏறினாள். வேலை முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"கையப் பாக்கக் கூடாதுக்கா. டிக்கெட் எடுக்காதவன் எவனா இருந்தாலும் ஜன்னலுக்கு வெளிய பாப்பான். அத வெச்சே புடிச்சிருவேன்."

"அந்தப் பெரியவரும் வெளியதான் பாத்துட்டு இருந்தாரு. அவர நீ கேக்கவே இல்லியே?"

"பெரியவங்களக் கேக்கறதே இல்லக்கா. அவங்களுக்குத்தான் இலவசமாச்சே. கேட்டா நேரந்தான் வீண்."

அவள் புருஷன் வைண்டிங்காரர். தண்ணீர் மோட்டார், மாவு மிஷின் மோட்டார், எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். கருகின செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டுப் பெட்டியில் வைத்து உலர்த்துவார். பழைய கம்பியை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனையிலும் ஒரு கலர் நூலைக் கட்டிக்கொள்வார், எது எங்கே போகிறது என்று மறக்காமல் இருக்க. அந்த நூலெல்லாம் என்னிடம் வாங்கியதுதான். வீட்டுப் பின்பக்கத் தகர ஷெட்டுதான் அவருடைய உலகம். காலையில் உள்ளே போனால் சாப்பிடத்தான் வெளியே வருவார். பேச்சு ரொம்பக் கம்மி. பத்து வார்த்தைக்கு ஒரு "ம்" திருப்பித் தருவார்.

மூன்றாவது ஆள் செக்கரம்மாவின் அப்பா. ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் வாய் மட்டும் விடவில்லை. யாராவது எதிரே வந்தால் "மேலயா, கீழயா?" என்று கேட்பார். மாடி ஏறுகிற என்னைப் பார்த்தாலும் அதே கேள்விதான். "மேலதான்" என்று சொன்னால் தலையை ஆட்டி வழி விடுவார்.

ஊரின் இன்னொரு மூலையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தவர் அவர். ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, சாயங்காலம் வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். தண்ணீர் கேன் போடுகிறவன் வந்து பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஒரு நாளை செக்கரம்மாவால் மறக்கவே முடியவில்லை. என்னிடம் துணி கொடுக்க வந்தால்கூட அதைச் சொல்லி அழுவாள். "எங்கப்பா தரையில கெடந்த நேரத்துல நான் எவன்கிட்டயோ டிக்கெட் கேட்டுட்டு நின்னுருக்கேன்க்கா" என்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராகத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

வீடு என்றால் என்ன, முன்னால் தெருவைப் பார்த்து ஒரு ரூம், அதற்குப் பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான். முன்ரூமில் ஜன்னலோரமாகப் பெரியவருக்குக் கட்டில் போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் பாய் விரித்துக்கொண்டார்கள். அடுப்புச் சூடு ஆறுவதற்குள் விடிந்துவிடும். எத்தனை நாளைக்கு இப்படி? அப்போதுதான் அவள் கண் ஷெட்டின் மேல் விழுந்தது.

"ஷெட்ட காலி பண்ணிருங்க. அப்பாவுக்கு அதுல ரூம் போட்டுரலாம். பாத்ரூமும் அந்தப் பக்கந்தான். வழுக்காத டைல்ஸ் போட்டு, சுவத்துல புடிச்சிக்கக் கம்பி வெச்சிரலாம்" என்றாள் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே.

"ம்" என்றார் வைண்டிங்காரர்.

முடிந்தது பேச்சு. மறு வாரமே அவர் தெருமுனைச் சைக்கிள் கடையில் பாதி இடம் பிடித்து மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு போனார். இடம் போதாமல் பாதி நேரம் நடைபாதையில் உட்கார்ந்து கம்பி சுற்றினார். போகிற வருகிறவர்கள் செருப்பெல்லாம் அவர் கம்பியில் மாட்டியது.

ஷெட்டை வீடாக்குவது நாம் நினைக்கிற மாதிரி இல்லை என்பது, அனுமதி கேட்டு எழுதிப் போட்டு முனிசிபல் ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. சின்ன வயது ஆபீசர், புது ஷூ, கையில் டேப். பக்கவாட்டுச் சந்து வழியாகவே வந்து ஷெட்டை அளந்தான். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"அடுப்பு வைக்கக் கூடாதும்மா. அடுப்பு வெச்சா அது தனி வீடு. தனி வீட்டுக்கு ரூலே வேற."

"வெந்நீர் வேணும்னா?"

"வீட்டுல போட்டுக் கொண்டுபோய்க் குடுங்க. தனியா கேட் வைக்கக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. குடும்பத்து ஆளுங்கதான் இருக்கணும். யாரு இருக்கப் போறாங்க?"

"எங்கப்பா."

"சரி. அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இல்லன்னா அனுமதி வந்துரும்."

"இங்க யாருக்கு என்ன ஆட்சேபணை?" என்று சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

அவள் தெருவில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கினாள். ஆபீஸ்காரர்கள் கேட்டில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினார்கள். இந்த வீட்டின் பின்பக்கக் கொட்டகையைக் குடும்பத்தினர் வசிக்கும் அறையாக மாற்ற அனுமதி கேட்கப்பட்டுள்ளது, ஆட்சேபணை உள்ளவர்கள் அலுவலகத்தில் தெரிவிக்கலாம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. தெருவே நின்று படித்தது. பெரியவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து உதடு அசைய அசையப் படித்தார். பாவம், பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருநாள் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். பழைய லிஃப்ட் உத்தியோகக் கோட்டு ஒன்றைக் காட்டி, "ஒரு பட்டன் விழுந்துருச்சும்மா, தெச்சுத் தர்றியா?" என்றார். தைத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார். பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று நானும் மிஷினை மிதித்தேன்.

கொஞ்ச நாளில் செக்கரம்மாவை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். போனவள் முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பின்பக்கம் வந்து, ஷெட்டையும் அதை ஒட்டிய பக்கத்து பேக்கரிச் சுவரையும் என் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

யாரோ ஆட்சேபணை சொல்லியிருக்கிறார்கள். பேர் சொல்ல மாட்டார்களாம். ஆனால் என்ன சொன்னார் என்பதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். தகரக் கூரை வெயிலில் வெந்து போகும், மழை பெய்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பேக்கரிச் சுவர். வார்னிஷ் வாடை சுவரில் ஊறிக் கிடக்கிறது. உள்ளே இருக்கிறவர் விழுந்தால் வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. இந்த நாலையும் அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

"வெளியாளுக்கு இதெல்லாம் எப்படிக்கா தெரியும்? உள்ள வந்து பாத்தவன் எவனோதான்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்போது நான் அவள் பக்கம்தான் இருந்தேன், பாருங்கள்.

முதலில் மாட்டியவர் பேக்கரிக்காரர். உடம்பு முழுக்க மாவும் வாய் முழுக்கச் சிரிப்புமாக இருக்கிற மனுஷன். தினமும் சாயங்காலம் சூட்டு ரொட்டியைப் பெரியவருக்கென்று சுவருக்கு மேலே நீட்டுவார். அன்றைக்கு நீட்டிய கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"சுவரப் பத்தி யாரு சொன்னது?" என்றாள் செக்கரம்மா.

"எந்தச் சுவரு?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. உங்க சுவரு. அங்க ஆள் குடி வந்தா உங்க புகையப் பத்தி நாளைக்குக் கேள்வி வரும்னு பயந்துட்டீங்க."

"அட என்னம்மா நீ! அது என் அடுப்புச் சுவரு. குளிர் நாளுல பெரியவருக்கு எதமா இருக்கும்னு நானே உன்கிட்ட சொன்னேனா இல்லியா? சம்மதம்னு மொதல்ல கையெழுத்துப் போட்டவன் நானு!"

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார். அப்புறம் ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து சுவருக்கு மேலே கை வரவில்லை. அவளும் வீம்புக்கு ரெண்டு தெரு தள்ளிப் போய், காய்ந்து போன ரொட்டியைக் காசு கொடுத்து வாங்கி வந்தாள்.

அடுத்தது நான். படியேறி வந்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"தகரத்துச் சத்தம் உங்களுக்குத்தானேக்கா மேல கேக்கும்?"

அந்த நேரம் பார்த்து ஊசியில் நூல் அறுந்தது. வெளிச்சத்தில் கோக்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான்.

"ஏன்க்கா வெளிய பாக்கறீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "நூல் கோக்கறதுக்கு உன் மூஞ்சியவா பாக்க முடியும்? இது பஸ்ஸுனு நெனச்சியா? உன் ஷெட்ட நீ இடி, கட்டு, அதுக்கு மேல ஏழு மாடி எழுப்பு. எனக்கென்ன வந்துச்சு? உங்கப்பா விழுந்தாருன்னு நீ அழுதப்போ கூட உக்காந்து அழுதவ நானு. என்கிட்டயே வந்து டிக்கெட் கேக்கறியா?"

எழுந்து போனாள். போகும்போது, தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறையைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போனாள். அது பெரியவரின் புது ரூமுக்கென்று கொடுத்த உறை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேக்கரிக்காரர் இல்லை, நான் இல்லை என்றால் மிச்சம் யார்? அவள் புத்தி போன பாதையை என்னால் மேலிருந்தே பார்க்க முடிந்தது. வைண்டிங்காரர் கடைசியாக இருந்த சூட்டுப் பெட்டியைக் கழற்ற ஷெட்டுக்கு வந்திருந்தார். வானம் மூடிக்கொண்டு வந்தது. அவள் டூட்டி முடிந்து நேராக ஷெட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதானே?"

"எது?"

"நடிக்காதீங்க. வார்னிஷ் வாடை சுவத்துல ஊறியிருக்குன்னு உங்களுக்கில்லாம வேற எவனுக்குத் தெரியும்?"

"வாடை எல்லாருக்குந்தான் அடிக்குது."

"இந்த எடத்த விட உங்களுக்கு மனசு வரல. ஷெட்ட காலி பண்ணுங்கன்னு சொன்ன அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? காலி பண்ணுன்ன. பண்ணிட்டேன்."

"எங்கப்பா திரும்ப எங்கயாவது விழுந்து கெடக்கட்டும்னு விட்டுட்டீங்க. அவரு உங்கப்பாவா இருந்தா செஞ்சிருப்பீங்களா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் இல்ல" என்றார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அப்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்தார். கொடியில் அவளுடைய யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. முதல் தூறல் விழுந்துவிட்டது.

"துணி நனையுது" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நனைந்த துணியை எடுத்தது அவர்தான். எனக்கு மேலிருந்து கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனுஷனுக்கு வாயில்லையே தவிர வஞ்சனை கிடையாது. ஆனால் என்னோடுதான் அவளுக்குப் பேச்சில்லையே, நான் எதைச் சொல்வது?

அதற்கப்புறம் அந்த வீட்டில் பாத்திரம் மட்டும்தான் பேசியது. அவருக்குத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு அவள் டூட்டிக்குப் போய்விடுவாள். அவர் சைக்கிள் கடையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். பெரியவருக்கு முன்பே தைத்து வைத்திருந்த சட்டையைக் கொடுக்க நான் போயிருந்தபோது அவர் சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போலத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து "மேலயா, கீழயா?" என்று கேட்கவில்லை.

"மாப்ள அப்படிப் பண்ற ஆள் இல்லம்மா. அது வந்து..." என்று டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்கு ஒன்னும் தெரியாது. மொதல்ல சாப்புடுங்க."

அவர் கரண்டியை எடுத்தார். எடுத்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்சேபணை உண்மையா என்று பார்க்க ஆபீசர் மறுபடி வந்த அன்றைக்கு மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வைண்டிங்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பேக்கரிக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். நானும் குடையோடு இறங்கினேன். என் மேல் பழி விழுந்த விஷயம், நான் எப்படிச் சும்மா இருப்பேன்? நாங்கள் ஐந்து பேரும் ஷெட்டுக்குள் நின்றோம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஆபீசர் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன?" என்றாள் செக்கரம்மா.

"உசரம் போதும்னு சொன்னேன்!" என்று கத்தினான்.

"என்னது?"

"உசரம்! உசரம்!"

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். அவள் அவரை முறைத்தாள். ஆபீசர் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினான். முழங்கை முழுசாக நீள்வதற்குள் விரல் பேக்கரிச் சுவரைத் தொட்டது. தன் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டு, நனையாமல் போகலாம் என்று வீட்டுக்குள் புகுந்து முன்பக்கமாக நடந்தான். நாங்களும் பின்னாலேயே போனோம். செக்கரம்மா விடவில்லை.

"பேரச் சொல்ல வேணாம் சார். வீட்டுக்கு வெளிய இருக்கற ஆளா, உள்ள இருக்கற ஆளா, அத மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சட்டம் இருக்கு" என்றபடியே அவன் முன்ரூமில் கால் வைத்தான். கட்டிலில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். உடனே ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட ஐயா! நீங்க எங்க இங்க? அன்னிக்கு நல்லபடியா போய்ச் சேந்தீங்களா? பஸ் ஏத்தி விடறேன்னேன், வேணாம்னுட்டுப் போய்ட்டீங்களே."

சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். செக்கரம்மா முகத்தில் ஈயாடவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அப்பா, நீங்களா?"

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். "நான்தான்."

"இவரு வேற அட்ரஸ்தானே குடுத்தாரு..." என்று இழுத்தான் ஆபீசர்.

"என் ரூம் அட்ரஸக் குடுத்தேன் தம்பி. என்கிட்ட இருக்கற அட்ரஸு அது ஒன்னுதானே. உங்க ஆபீஸு மூணாவது மாடி. லிஃப்டுல ஆளே இல்ல, நானே அமுக்கிட்டுப் போனேன்."

"எதுக்குப்பா?" என்றாள் செக்கரம்மா.

"கேட்டுல போட்டிருந்துச்சும்மா. ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்னு. எனக்கு இருந்துச்சு. சொன்னேன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் இங்கயேதான இருக்கேன்?"

"நீ எப்பக் கேட்ட? பேக்கரிக்காரரக் கேட்ட. தையலக்காவக் கேட்ட. சம்மதமா சம்மதமான்னு தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம கேட்ட. என்னைய ஒருத்தரும் கேக்கல. அந்த மஞ்சப் பேப்பரு ஒன்னுதான் கேட்டுச்சு."

பெரியவர் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவர் போலப் பேசினார்.

"வீட்டுக்கு வாங்கப்பான்னு கூப்பிட்ட. வீடுன்னு வந்தேன். வந்தப்புறம் பின்னால எடம் பாக்கற. ஆயுசு பூரா ஒரு பொட்டிக்குள்ள நின்னவன் நானு. கதவு தொறக்கும், ஆளுங்க வருவாங்க போவாங்க, நான் மட்டும் உள்ளயே நிப்பேன். இந்த ஜன்னல்ல வந்து உக்காந்த பொறவுதான் தெருன்னு ஒன்னு இருக்கறதே தெரியுது. திரும்ப என்னைக் கொண்டுபோய்ப் பொட்டியில வெக்கறியே."

"அன்னிக்குக் காலைல இருந்து ஈரத்துல கெடந்தீங்களேப்பா... எனக்கு அதான்... கிட்டயே ஒரு எடம் இருந்தா..."

"அங்க விழுந்தா மட்டும் உனக்குக் கேக்கவா போவுது?"

பின்னாலிருந்து தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் பக்கத்தில் நின்றவன் கத்தியே காதில் விழாத கூத்தை இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தோம்.

"அவரத் திட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்ல வந்தேன். சும்மா இருங்கப்பான்ன."

செக்கரம்மா யூனிஃபார்மோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பேரை நடு ரோட்டில் இறக்கிவிட்டவள், குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அவள் மேலிருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். பேக்கரிக்காரர் சாக்கை இன்னும் தலையிலிருந்து எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறை வாசலில் வைண்டிங்காரர் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"டீ போடட்டுமா எல்லாருக்கும்?" என்றார்.

அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஆபீசர் சங்கடத்தோடு கேட்டான். "அப்ப அப்ளிகேஷன வாபஸ் வாங்கிக்கறீங்களாம்மா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதலில் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க இந்த ரூம்லயே இருக்கீங்களா? ஜன்னலோட? உங்களுக்கு அது சம்மதமா?"

"தெருப் பக்கந்தான?"

"தெருப் பக்கந்தான். ராத்திரி கூப்பிட ஒரு பெல் வெப்போம். சத்தம் பின்னால வரைக்கும் கேக்கும்."

"மாப்ள வெச்சுக் குடுத்தா சரி" என்றார் பெரியவர்.

அவள் ஆபீசரிடம் சொன்னாள். "வாபஸ் இல்ல சார். ஷெட்டுல நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கறோம். குடும்பத்து ஆளுங்கதானே நாங்களும்?"

ஆபீசர் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். பெரியவர்கள்தான் இருக்க வேண்டும் என்று ரூலில் இல்லையாம். ஆனால் யார் இருந்தாலும் சூடும் சத்தமும் இறங்காமல் தகரத்துக்குக் கீழே ஒரு தடுப்பு போட வேண்டும், ஜன்னலைப் பேக்கரிப் பக்கமிருந்து மாற்ற வேண்டும் என்றான். "ஐயா, உங்களுக்கு ஆட்சேபணை?" என்று குனிந்து கேட்டான். "அவங்க இருந்துட்டுப் போட்டும். எனக்கென்ன" என்றார் பெரியவர்.

கொஞ்ச நாள் கழித்து அவள் என் படியேறி வந்தாள். கையில் அந்தத் தலையணை உறை. மன்னிச்சிருங்க என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது.

"இதுல பாதிதாங்க்கா தெச்சிருக்கு."

"பாதியில புடுங்கிட்டுப் போனா மீதிய யாரு தெப்பா?"

"ரெண்டா வேணுங்க்கா இப்ப. எங்களுக்கு" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். பேக்கரிக்காரர் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். கடைக்குப் போனவளைக் கூட்டமெல்லாம் கலையும் வரை காக்க வைத்துவிட்டு, கடைசியில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைக் கையில் கொடுத்தாராம். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிக்கொண்டு வந்தாள்.

அனுமதி வந்த மறுநாளே கொத்தனாரும் வந்துவிட்டார். ஷெட்டு வாசலில் சிமென்ட்டும் மணலும் குழைத்து வைத்துவிட்டு, கரண்டியோடு நிமிர்ந்தார். வைண்டிங்காரர் ஓரமாக நின்று, கழற்றிப் போட்ட பழைய தகரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்ரூம் ஜன்னலிலிருந்து பெரியவர் யாரையோ "மேலயா, கீழயா?" என்று கேட்பது தெரு வழியாகச் சுற்றி என் காதுக்கு வந்தது.

"ஜன்னல எந்தப் பக்கம் வெக்கணும்மா? சொல்லுங்க, ஒடைச்சிரலாம்" என்றார் கொத்தனார்.

செக்கரம்மா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். கைகூட ஒரு பக்கமாக நீண்டுவிட்டது. நீண்ட கை பாதியில் நின்றது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம் வெக்கலாம்? எத்தன வருஷம் இதுக்குள்ள இருந்திருக்கீங்க."

வைண்டிங்காரர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"என்னையா கேக்கற?"

"உங்களத்தான்."

அவர் கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தார். வெளியே வந்து வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தார். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். என் ஜன்னலைக்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றார்.

கொத்தனார் பதறினார். "கலவை காஞ்சு போயிரும்மா."

"காயட்டும்" என்றாள் செக்கரம்மா.